தகுந்த நபர்

நீதிமன்றம் எங்களுக்குக் கொடுத்தது இருபத்தெட்டு நாள். அதற்குள் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருக்கும் கமலவேணி, எட்டு வயது சாரதாவுக்குத் தாயா, அல்லது அவளை விலைக்கு வாங்கியவளா?

தாய் என்றால் பிள்ளை வீடு திரும்பும். வாங்கியவள் என்றால் பெரியவளாகும்வரை அரசு இல்லத்தில் வளரும்.

அது மெர்டேகா ஆண்டு, மலாயா சுதந்திரம் பெற்ற வருடம். நான் மலாக்கா சமூகநல அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சிங்கப்பூரில் விலங்கியல் படித்துவிட்டு ஆய்வுக்கூட வேலை தேடினேன்; கிடைத்தது இது. என் பெயர் சந்திரமதி. வெள்ளைச் சேலையைப் பார்த்து எல்லாரும் நர்ஸ் என்று நினைத்து ‘மிஸ்ஸி’ என்றார்கள். திருத்துவதற்கு வாய் திறக்க வேண்டும் என்பதால் நானும் மிஸ்ஸியாகவே இருந்துவிட்டேன்.

வழக்கு ஒரு வகுப்பறையில் தொடங்கியது. சாரதாவின் ஆசிரியை இங்கிலாந்திலிருந்து அந்த ஆண்டுதான் வந்தவர். மெர்டேகாவுக்காகச் சுவரில் மலாயா வரைபடம் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தான் பிறந்த ஊரில் ஒரு காகிதக் கொடி குத்த வேண்டும் என்றார். ஒருத்தி ஜாசின் என்றாள். ஒருத்தி மூவார் என்றாள். சாரதாவின் முறை வந்ததும் அவள் எழுந்து நின்று, ஆங்கிலத்தில், தயங்காமல் சொன்னாள்.

“நான் பிறக்கவில்லை, டீச்சர். என்னை வாங்கினார்கள்.”

“யார் வாங்கியது?”

“அம்மா.”

“என்ன கொடுத்து?”

தவிட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று சாரதாவுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“கோழித் தீனி.”

ஆசிரியை சிரிக்கவில்லை. ஏழைச் சிறுமிகளை விலைக்கு வாங்கி வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்த நாட்டில் இருந்தது. சட்டம் தடுத்த பிறகும் எப்போதாவது ஒரு புகார் வரும். அவர் அதைப் படித்திருந்தார். சாரதாவின் முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு வேறு இருந்தது. அன்று மதியமே எங்கள் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. “உன்னைப் பெக்கல, தவிட்டுக்கு வாங்கினோம்” என்று என்னையும் அழ வைத்திருக்கிறார்கள். பழைய சடங்கு ஒன்றின் மிச்சம் அது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில், புதிதாகப் பிறந்ததை முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு விற்று, மறுநாள் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையைச் சாவு மதிக்காது, விட்டுவிட்டுப் போய்விடும் என்று நம்பிக்கை. சடங்கை மறந்த வீடுகளிலும் கேலி தங்கிவிட்டது.

என் மேலதிகாரி கணேசமூர்த்திக்கும் அது தெரியும். ஆனால் அவர் கோப்பைத் திறந்தார்.

“புகார் வந்துட்டா புகார்தான்மா. சிரிச்சுட்டு மூடி வெச்சிடலாம். நாளைக்கு அது நிஜம்னு ஆனா, அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?”

நாங்கள் காரில் போனோம். கமலவேணியின் வீடு, சிட்டிகளின் கோயிலைத் தாண்டி, ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்தது. அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி முறைப்படி விவரத்தைச் சொன்னார்: விசாரணை முடியும்வரை பிள்ளை பாதுகாப்பான இடத்தில் இருக்கும், நீதிமன்றம் அழைக்கும், அங்கே நீங்கள் பேசலாம். அவள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

சாரதா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அவள் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கார் நகர்ந்த பிறகுதான் அம்மா வரவில்லை என்று கவனித்தாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கமலவேணி ஓடிவந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்ததால் கார் நின்றது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கையில் சாரதாவின் செருப்புகள்.

“போடாம ஏறிட்டா” என்றாள் என்னிடம். “வெறுங்காலோட நடக்க விடாதீங்க மிஸ்ஸி.”

முதல் விசாரணை விரைவாக முடிந்தது. சிறார் நீதிமன்றம் என்பதால் அங்கே கூண்டு கிடையாது. நீதிமன்றத்தின் பின்புற அறையில் ஒரு நீண்ட மேசை. வெளியார் வரக்கூடாது, பத்திரிகை வரக்கூடாது, போலீஸ்காரர் சீருடையில் வரக்கூடாது. நடுவில் மாஜிஸ்திரேட், இருபுறமும் ஊர்க்காரர்களிலிருந்து இரண்டு ஆலோசகர்கள். அந்த முறை ஒருவர் துணிக்கடை அப்துல் கய்யூம். இன்னொருவர் ஒரு சீன டாக்டரின் மனைவி. மாஜிஸ்திரேட் இளம் மலாய்க்காரர். இங்கே யார் மேலும் குற்றம் சாட்டவில்லை, பிள்ளைக்கு எது நல்லது என்று பார்ப்பதுதான் வேலை என்று அவர் சொன்னதைக் கணேசமூர்த்தி தமிழில் சொன்னார்.

“குத்தம் இல்லைன்னா பிள்ளைய ஏன் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் கமலவேணியின் கணவர் சேதுராமன். அவர் பொதுப்பணியில் ரோட்டு ரோலர் ஓட்டுபவர். வழக்கு முழுவதும் அவர் பேசிய சில வார்த்தைகளில் அவை முக்கியமானவை.

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். நியாயமான கேள்வி என்றார். இருபத்தெட்டு நாள் கொடுத்தார்.

விசாரிப்பது என் பங்கு. வீடு, பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த வாரத்தில் பல வீடுகளின் கதவைத் தட்டினேன். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்.

முன்கட்டில் வீட்டுக்காரம்மா பாக்கியலட்சுமி இருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டிக் குடும்பம். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயா, வாயில் மலாய். அவரை எல்லாரும், அத்தை என்ற பொருளில், பிபிக் என்றே அழைத்தார்கள். நான் தமிழில் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்குத் தமிழில் சாமி கும்பிட மட்டும்தான் தெரியும்” என்று மலாயில் சொன்னார். “திட்டுவதெல்லாம் மலாயில்தான். இப்போது யாரைத் திட்ட வேண்டும், உன்னையா?”

நான் மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குக் கொய்யாப்பழம் அரிந்து தந்தார்.

“அந்தத் தழும்பா? தீபாவளிக்கு மத்தாப்பைத் தலைகீழாகப் பிடித்தாள். நான்தான் மருந்து தடவினேன். வேலைக்காரியா! அவளா! ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொல்லிப் பார், என்ன பதில் வருகிறதென்று.”

சாரதா எப்போது இங்கே வந்தாள் என்று கேட்டேன்.

“கமலவேணி இடுப்பில்தான் வந்தாள். கைக்குழந்தை. வாடகை பேசும்போதெல்லாம் அழுதுகொண்டே இருந்தாள், அதனால் நான் வாடகையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்” என்றார் பிபிக். “அவள் பிள்ளை. வேறு என்ன எழுத வேண்டும் உனக்கு?”

கேலியின் மூலகர்த்தாவையும் பார்த்தேன். கமலவேணியின் தம்பி பொன்னுதுரை, பஸ் கண்டக்டர்; சாரதா நடக்கத் தொடங்கிய பிறகுதான் சிங்கப்பூரிலிருந்து இங்கே வந்தவர். கழுத்தில் விசில் தொங்கியது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“நான்தான்லா மிஸ்ஸி. எல்லாம் இந்த வாயிதான். ‘ஏய் தவிட்டுச் சிறுக்கி, ஒழுங்கா இல்லைன்னா கடையில திருப்பிக் கொடுத்துருவேன்’னு சொல்லுவேன். அவளும், ‘குடுங்க மாமா, உங்களுக்கு அரைப் படிகூடத் தர மாட்டாங்க’ம்பா. எல்லாம் வெளையாட்டு. அதுக்கு கோர்ட்டா? அப்படின்னா மலாயாவுல இருக்குற தாய்மாமன் பூராவும் உள்ளதான் போவணும்.”

“உங்கள் அக்கா என்ன சொல்வார்கள்?”

அவர் விசிலை விரலால் உருட்டினார்.

“அக்கா எல்லாத்துக்கும் சிரிக்கும். இதுக்கு மட்டும் சிரிக்காது. ஒரு தடவ கரண்டிய எடுத்து வீசிருச்சு.”

அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

சாரதா இருந்தது செமாபோக் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கான சிறிய இல்லத்தில். வந்த முதல் வாரத்திலேயே அவள் மற்றப் பிள்ளைகளைப் பயணிகளாக உட்காரவைத்து, வாயால் விசிலடித்து, இலைகளைக் கிழித்து டிக்கெட் கொடுத்தாள். இறங்க வேண்டிய இடம் எல்லாருக்கும் காஜா பெராங்தான்.

மெர்டேகா காலையில் இல்லத்தின் முற்றத்தில் கொடியேற்றினார்கள். நான் அவளுக்கு ஒரு காகிதக் கொடி கொண்டுபோயிருந்தேன். வாங்கிக்கொண்டாள், அசைக்கவில்லை. மாமா தன் பஸ்ஸில் கொடியெல்லாம் கட்டி ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாராம்.

“மிஸ்ஸி, நான் டீச்சர்கிட்ட பொய் சொன்னேனா?”

“பொய் இல்ல சாரதா. மாமா கேலி பண்ணினார். நீ நிஜம்னு நெனச்சிட்ட.”

“அப்ப அது பொய்தானே. நான் பொய் சொன்னதுனாலதான் என்னை இங்க கொண்டாந்தாங்க. அம்மா கோவமா இருக்காங்களா?”

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. கொடியின் குச்சியை மண்ணில் குத்தினாள், பிடுங்கினாள், மறுபடி குத்தினாள். கொடிக்கு ஊர் இல்லாதது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த வரைபடத்தில் அவளுடைய கொடி மட்டும் குத்தப்படவில்லை.

வீடு நல்ல வீடு. பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் மாஜிஸ்திரேட்டுக்குப் பிறப்புக்குச் சான்று வேண்டும். கமலவேணியிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தது, கம்யூனிஸ்ட் கலகக் காலம், பதியவில்லை என்றார் சேதுராமன். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. குடியுரிமை எழுதப்போகிறார்கள் என்று அந்த மாதம் ஊரில் பாதிப் பேர் இல்லாத பத்திரத்தைப் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சந்தோஷத்தோடு அதைச் சொல்ல ஓடினேன். கமலவேணி பின்கட்டில் குந்தி உட்கார்ந்து, கோழிகளுக்குத் தவிட்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாங்க.”

“ரத்தம் பாத்தா என்ன தெரியும் மிஸ்ஸி?”

படித்ததைச் சொல்ல எனக்குக் கூச்சம் வராது. ரத்தத்தில் வகைகள் உண்டு. பிள்ளையின் வகையில் ஒரு பங்கு தாயிடமிருந்து வந்தே ஆக வேண்டும். பொருந்தினால் இவர் தாயாக இருக்கலாம் என்று சொல்லும். பொருந்தாவிட்டால் இருக்கவே முடியாது என்று சொல்லும்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அப்ப, ஆமான்னு அடிச்சுச் சொல்லாது. இல்லைன்னா மட்டும் அடிச்சுச் சொல்லும்.”

“ஆமாங்க.”

அவளுடைய கை தவிட்டுக்குள் நின்றது. ஒரு கோழி வந்து அவள் விரல்களுக்கு நடுவே கொத்தியது. அவள் அதை விரட்டவில்லை.

“அப்ப வேணாம் மிஸ்ஸி.”

எனக்குப் புரிந்துவிட்டது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கையை உதறினாள், சேலையில் துடைத்தாள், வாசல் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“பெத்தவ இல்லைன்னு சொன்ன அன்னிக்கே அவ எனக்கு இல்லாம போயிருவா” என்றாள். கேள்விபோல இல்லை.

நான் அதற்கு முன்பும் பின்பும் அலுவலகத்துக்கு வெளியே அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நின்றபடியே பேசினேன், கோழிகளைப் பார்த்துக்கொண்டு.

“நான் ஒன்னும் கேக்கல. சட்டம் எப்படின்னு மட்டும் சொல்றேன். நீதிபதிக்கு மூணு வழி இருக்கு. பிள்ளையப் பெத்தவங்ககிட்ட அனுப்பலாம். இல்லத்துல விடலாம். மூணாவது, தகுந்த நபர்னு ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கலாம். அவர் பெத்திருக்கணும்னு சட்டத்துல இல்ல. சொந்தமா இருக்கணும்னுகூட இல்ல. பிள்ளைய நல்லா பாத்துக்குறவரா இருக்கணும், அவரை நம்ப முடியணும். பொய் சொல்லி, அது பின்னால தெரிஞ்சா, அப்புறம் நம்ப மாட்டாங்க.”

“அப்புறம்?”

“தத்தெடுக்கவும் இப்ப ஒரு சட்டம் வந்திருக்கு. அது முடிஞ்சுட்டா யாரும் வந்து கேக்க முடியாது.”

“யாருமா?”

“யாரும்.”

அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தகுந்த நபர். சட்டப் புத்தகத்தில் முதலில் படித்தபோது அது எனக்கு ஈரமே இல்லாத வார்த்தையாகத் தெரிந்தது. அவள் வாயில் கேட்டபோது அப்படித் தோன்றவில்லை.

“டீ குடிச்சுட்டுப் போங்க மிஸ்ஸி” என்றாள்.

அறிக்கையில் வீட்டைப் பற்றி எழுதினேன், மத்தாப்பைப் பற்றி எழுதினேன். பிறப்பு என்ற இடத்தில், ‘சான்று இல்லை, கமலவேணி நேரில் சொல்வார்’ என்று எழுதினேன். கணேசமூர்த்தியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அது உன்னோட சந்தேகம். வாக்குமூலம் அவங்களோடது. அவங்க வாயால வரட்டும்.”

விசாரணை நாளில் மழை பெய்து விட்டிருந்தது. சேதுராமன் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டு வந்திருந்தார். பிபிக் தன் நல்ல கெபாயாவில், பொன்னுதுரை பணிச் சீருடையில், விசிலோடு. அவர்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாரதா உள்ளே என் பக்கத்தில் செருப்புக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

முதலில் ஆசிரியை பேசினார். கேட்டதைக் கேட்டபடி சொன்னார். கோழித் தீனி என்ற இடம் வந்ததும் அப்துல் கய்யூம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

“நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று மாஜிஸ்திரேட் அவரைக் கேட்டார்.

கய்யூம் மலாயில் விளக்கினார். தவிடு, முறம், சடங்கு, கேலி எல்லாம். “எங்க உம்மாவும் அதையேதான் சொல்லுவாங்க” என்று கமலவேணியைப் பார்த்துத் தமிழில் சேர்த்தார். “எனக்குக் குடுத்த தவிடு புழுத்த தவிடாம்!”

டாக்டரின் மனைவி, சீன வீடுகளில் ‘உன்னைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தோம்’ என்பார்கள் என்றார். மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். அறையில் இருந்த எல்லாருடைய தோளும் இறங்கியது. ஆசிரியையின் முகம் கழுத்துவரை சிவந்தது.

வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றியது. மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார்.

“அம்மா, ஒரே ஒரு விஷயம் பதிவுக்காக. இவள் நீங்கள் பெற்ற பிள்ளைதானே? ஆம் என்றால் போதும். வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.”

கணேசமூர்த்தி அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டார்.

‘ஆமா’ என்பது சின்ன வார்த்தை. ரத்தம் பார்க்கச் சொல்லி இனி யாரும் கேட்கப்போவதில்லை. சேதுராமன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடு என்றது அந்தப் பார்வை.

கமலவேணி எழுந்து நின்றாள்.

“பிள்ளைய கொஞ்ச நேரம் வெளிய உக்கார வைங்கய்யா. நான் சொல்லணும்.”

பேனா நின்றது. மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சாரதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

வராந்தாவில் பிபிக்கும் பொன்னுதுரையும் எழுந்து வந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அது உண்மை. கதவு தடித்த பழைய மரக் கதவு. உள்ளே ஒரு குரல் கேட்டது, கமலவேணியின் குரல், நீண்ட நேரம். வார்த்தைகள் கேட்கவில்லை. பிறகு மாஜிஸ்திரேட்டின் குரல். பிறகு மறுபடி அவள்.

“அம்மா என்ன சொல்றாங்க?” என்றாள் சாரதா.

“தெரியலம்மா.”

“நான் பொய் சொன்னத சொல்றாங்களா?”

பொன்னுதுரை அவள் முன்னால் குந்தினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் கணேசமூர்த்தி. சிரித்துக்கொண்டிருந்தார்; இந்த மனிதர் சிரித்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், உத்தரவை மனப்பாடம் செய்த மாணவர்போல. கமலவேணி தகுந்த நபர். பிள்ளை இன்றுமுதல் அவர் பொறுப்பில். கணவனும் மனைவியும் தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அலுவலகம் உதவ வேண்டும்.

“மூணு பேரும் ஒரே மனசா” என்று தமிழில் முடித்தார். “கய்யூம் பாய் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.”

பொன்னுதுரையின் அரைகுறை ஆங்கிலத்துக்குத் ‘தத்து’ என்ற சொல் எட்டவில்லை. ‘இன்றுமுதல்’ என்பது எட்டியது. “வீட்டுக்கா? வீட்டுக்குத்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சாரதாவைத் தூக்கிச் சுற்றினார். அவள் கழுத்திலிருந்த விசிலை வாயில் வைத்து ஊதினாள். பஸ் கிளம்பும் இரட்டை விசில். நீதிமன்ற வராந்தா முழுவதும் அது எதிரொலித்தது. எங்கோ ஒரு சேவகர் ஓடிவந்து, “இது கோர்ட்!” என்று கத்தினார். பிபிக் அவரை மலாயில் திட்டி அனுப்பினார்.

அதற்குள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். சேதுராமன் சுவரில் சாய்ந்து நின்றார், முதல் பித்தானைக் கழற்றிவிட்டு மூச்சு விட்டார். ஆசிரியை கமலவேணியின் அருகே வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தத்து விண்ணப்பத்தில் சாட்சியாகத் தன் பெயரைப் போடும்படி பிறகு என்னிடம் சொன்னார்.

சாரதா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்திருந்தாள்.

“இன்னும் ஒன்னு இருக்கு மிஸ்ஸி” என்றாள் கமலவேணி. “நீதிபதி ஐயா சொல்லிருக்காரு. இந்த வாசலத் தாண்டுறதுக்கு முன்ன பிள்ளைக்கு எல்லாம் தெரியணும், அதுவும் என் வாயால தெரியணும்னு. உள்ள சொல்லிட்டேன். இது அதவிடக் கஷ்டம்.”

அவள் பெஞ்சில் உட்காரவில்லை. சாரதாவின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி தரையில் உட்கார்ந்தாள்.

“சாரதா, மாமா சொல்றது கேலி இல்ல.”

பொன்னுதுரை அசையாமல் நின்றார்.

“அசாஹான் தோட்டத்துல, நாங்க இருந்த லயத்து வரிசையில, பக்கத்து வீட்டுல பொன்னம்மான்னு ஒருத்தி இருந்தா. சிரிச்சான்னா கடைசி வீடு வரைக்கும் கேக்கும். உன்ன மாதிரி. அவளுக்கு ரெண்டு பிள்ள பொறந்து தங்கல. மூணாவது வயித்துல இருக்கும்போது புருசனும் மரம் விழுந்து போயிட்டான். நீ பொறந்த அன்னிக்கி அவ என்னைக் கூப்பிட்டு, உன்னை முறத்துல வெச்சு நீட்டுனா. நான் ஒரு கை தவிடு அள்ளி அவ மடியில போட்டேன். விடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும். அதான் முறை. விடியிறதுக்குள்ள அவ காய்ச்சல்ல போயிட்டா.”

சாரதா அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப, யாரும் என்னைத் திருப்பி வாங்க வரலையா?”

“வரல.”

“நீங்களும் திருப்பிக் கொடுக்கலையா?”

“கொடுக்கல.”

அவள் அதை யோசித்தாள். நெற்றி சுருங்கியது, விரிந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

“அப்ப நான் டீச்சர்கிட்ட சொன்னது பொய் இல்ல.”

“இல்ல கண்ணு. நீ சொன்னதுதான் நெசம்.”

சாரதா திரும்பி, வராந்தாவின் முனையில் நின்ற ஆசிரியையைப் பார்த்தாள். கணேசமூர்த்தியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“அப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

கமலவேணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுடைய குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

“இவள நான் பெக்கல. தவிட்டுக்கு வாங்கினேன்.”